மெம்ஃபிஸ் போறீங்களா? ஆத்துலேந்து ஆரம்பிங்க: மூணு நாளுக்கான முழு வழிகாட்டி

அமெரிக்காவுல தெற்குப் பக்கம் ரோடு ட்ரிப் போடற நம்ம ஆளுங்க நிறைய பேரு நாஷ்வில்ல ரெண்டு நாள், நியூ ஆர்லியன்ஸ்ல மூணு நாள்னு பிளான் போட்டுட்டு, நடுவுல இருக்கற மெம்ஃபிஸுக்கு ஒரே ஒரு மத்தியானத்தை ஒதுக்குவாங்க. அந்த மத்தியானமும் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வீட்டுலயே முடிஞ்சிடும், அப்புறம் ஒரு தட்டு ரிப்ஸ் (பன்றி விலா எலும்புக் கறி), ரெண்டு போட்டோ, கிளம்பியாச்சு. எனக்கு இதுல ரொம்ப வருத்தம். டென்னசி மாநிலத்துல மிசிசிப்பி ஆத்தங்கரைல இருக்கற இந்த ஊருக்கு முழுசா மூணு நாள் கொடுக்கலாம், கொடுக்கணும். ஆனா பாக்கற வரிசை முக்கியம். முதல்ல ஆறு, ஆத்தை நம்பி வந்த பருத்தி வியாபாரம், அந்தப் பருத்திக்காக அடிமையா கொண்டு வரப்பட்ட மக்கள், அவங்க பேரப்பிள்ளைங்க உண்டாக்கின பாட்டும் சாப்பாடும், அப்புறம் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட லொரெய்ன் மோட்டல். இந்த வரிசைல பாத்தீங்கன்னா ஒவ்வொரு இடமும் அடுத்த இடத்தை விளக்கும். எல்விஸை கடைசில வைங்க, அவரும் அப்பதான் நல்லா புரிவாரு.

ஸ்டெப் 1: எந்த மாசம், எந்தக் கிழமை

ஏப்ரல், மே, அக்டோபர் மூணும் நல்ல மாசம். ஜூலை ஆகஸ்ட்ல வெயில்கூட தாங்கிடலாம், புழுக்கம் தாங்காது, சென்னை மே மாசம் பழகினவங்களுக்கே மூச்சு முட்டும். இன்னொண்ணு, எல்விஸ் இறந்தது 1977 ஆகஸ்ட் 16, அதனால ஒவ்வொரு ஆகஸ்டும் அந்தத் தேதியை ஒட்டி உலகம் பூரா இருந்து ரசிகர்கள் வந்து குவிவாங்க, ஹோட்டல் வாடகை எகிறிடும். நீங்க அதுக்காகவே வரலைன்னா அந்த வாரத்தை விட்டுடுங்க. மே மாசம் பார்பிக்யூ போட்டிங்க நடக்கற சீசன், ஊரே புகை வாசனையா இருக்கும், கூட்டமும் இருக்கும்.

மாசத்தை விட கிழமைதான் நிறைய பேர் கோட்டை விடற விஷயம். ஞாயிறு திங்கள்ல நல்ல சாப்பாட்டுக் கடைங்க பாதி பூட்டியிருக்கும், மியூசியம் லீவெல்லாம் திங்கள், செவ்வாயை ஒட்டி வரும். வியாழன் காலைலயே வந்து இறங்கி அன்னிக்கும் வெள்ளி, சனியும் பாத்துட்டு ஞாயிறு மத்தியானம் கிளம்பற மாதிரி வச்சுக்கிட்டா எல்லாமே திறந்திருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இடத்தோட வெப்சைட்லயும் அந்த வார டைமிங்கை ஒரு தடவை பாத்துக்கோங்க.

ஸ்டெப் 2: வந்து சேர்றது, தங்கறது, வண்டி

நாஷ்வில்லேந்து ஐ-40ல நேரா மேற்கே வந்தா சுமார் 210 மைல், மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. லிட்டில் ராக்லேந்து ரெண்டு மணி நேரம் சொச்சம். சிகாகோவுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவுல ஓடற ஆம்ட்ராக் ரயிலும் இங்க நிக்கும், ஸ்டேஷன் டவுன்டவுன்லயே இருக்கு, 1914ல கட்டின சென்ட்ரல் ஸ்டேஷன். அந்தக் கட்டடத்துக்குள்ளயே இப்ப ஒரு ஹோட்டல் இருக்கு. ரயில் பிடிக்கும்னா அங்க தங்கலாம், லொரெய்ன் மோட்டல் நடந்து போற தூரம்தான்.

பொதுவா டவுன்டவுன்லயோ சவுத் மெயின் ஏரியாலயோ தங்குங்க. ஏர்போர்ட் பக்கம் விலை கம்மின்னு போனா தினம் வண்டிலயே நேரம் போயிடும். ஆறு, பருத்தி மியூசியம், பாட்டு கிளப்புங்க இருக்கற பீல் ஸ்ட்ரீட், லொரெய்ன் எல்லாம் நடந்து போற தூரம். ஸ்டாக்ஸ் (கறுப்பின மக்களோட சோல் பாட்டை ரெக்கார்ட் பண்ணின கம்பெனியோட மியூசியம்), சன் ரெக்கார்டிங் ஸ்டுடியோ, எல்விஸ் வீடான கிரேஸ்லேண்டுக்கு மட்டும் காரோ ஊபரோ வேணும். மெயின் ஸ்ட்ரீட்ல பழைய காலத்து டிராலி உண்டு, ஆனா அது ஓடுதா நிறுத்தி வச்சிருக்காங்களான்னு பாத்துட்டு நம்புங்க.

வண்டில வர்றவங்க ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, சீட்ல எதையும் வெளிய தெரியற மாதிரி வைக்காதீங்க, பை, ஜாக்கெட், சார்ஜர் ஒயர் கூட வேண்டாம். கார் கண்ணாடி உடைக்கறது இங்க அடிக்கடி நடக்கற விஷயம். பெட்டியெல்லாம் ஹோட்டல்ல வச்சுட்டு காலி வண்டியா எடுத்துட்டுப் போங்க. மத்தபடி பகல்ல டவுன்டவுன்ல தாராளமா நடக்கலாம், ராத்திரி பீல் ஸ்ட்ரீட்லேந்து ஹோட்டலுக்கு ரெண்டு தெருவா இருந்தாலும் ஊபர் போட்டுடுங்க.

ஸ்டெப் 3: முதல் நாள் காலை, ஆறு

டாம் லீ பார்க்குக்கு காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி போங்க. ஆத்தை ஒட்டி சுமார் 30 ஏக்கர், 2023ல புதுசா மாத்தி திறந்தாங்க, குழந்தைங்களுக்கு நல்ல விளையாட்டு இடம் இருக்கு, நிழலும் உண்டு. நின்னு மேற்கே பாருங்க. எதிர்க்கரை ஆர்கன்சா மாநிலம், ஒரே தட்டையா மரமும் வயலும். வெள்ளம் வந்தா தண்ணி போய் நிக்கற இடம் அது. நீங்க நிக்கற பக்கம் பின்னாடி திரும்பிப் பாத்தா மண்மேடு செங்குத்தா ஏறும். சிக்கசா பழங்குடி மக்கள் பேர்ல இருக்கற நாலு மேடுகள்ல இது நாலாவது. அந்த மேட்டுக்காகத்தான் ஊரே இங்க வந்துச்சு, வெள்ளம் ஏறாத இடம், படகு கட்டற இடம். 1819ல ஊரை மனை போட்டப்ப நைல் நதிக்கரைல இருந்த எகிப்து நகரத்தோட பேரை வச்சாங்க. வடக்கே கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரு பெரிய பிரமிட் தெரியுதே, அதுக்கும் காரணம் இந்தப் பேருதான்.

பார்க்ல டாம் லீயோட வெண்கலச் சிலை இருக்கு, அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நில்லுங்க. சின்னப் படகுல உக்காந்த ஒருத்தர் உடம்பை முழுசா வளைச்சு, தண்ணில கிடக்கற ஒருத்தருக்கு கையை நீட்டறாரு. 1925 மே 8, ஒரு நீராவிப் படகு கவுந்து ஆத்துல மனுசங்க மிதக்கறாங்க, கறுப்பினத் தொழிலாளியான டாம் லீ தன்னோட சின்னப் படகுல திரும்பத் திரும்ப போய் 32 பேரைக் கரை சேர்த்தாரு. அவருக்கு நீச்சல் தெரியாது. பிள்ளைங்களோட போறவங்க இந்தக் கதையை அங்கயே நின்னு சொல்லுங்க, பக்கத்துலயே ஓடற அந்தப் பழுப்புத் தண்ணியையும் சுழலையும் பாத்துக்கிட்டே கேட்டா யாருக்கும் மறக்காது.

அடுத்தது பிக் ரிவர் கிராஸிங். 1916ல திறந்த ஹராஹன் ரயில் பாலத்தோட ஒரு ஓரத்துல 2016ல நடைபாதை போட்டாங்க, கிட்டத்தட்ட ஒரு மைல், நடந்தே டென்னசிலேந்து ஆர்கன்சாவுக்குள்ள போயிடலாம், காசு கிடையாது. பக்கத்துலயே சரக்கு ரயில் போகும்போது காலுக்கடில இரும்பு அதிரும். பாதி தூரத்துல மாநில எல்லைக் கோடு வரும், அங்கேந்து ஆறு வளையற அழகை பாத்துட்டு திரும்பிடலாம், அக்கரை வரைக்கும் போகணும்னு இல்லை. தண்ணி பாட்டிலும் தொப்பியும் கட்டாயம், பாலத்துல நிழல்னு எதுவும் கிடையாது.

அப்பா அம்மாவோட வந்திருந்தா பாலத்தை விட்டுட்டு பீல் ஸ்ட்ரீட் லேண்டிங்லேந்து கிளம்பற ரிவர் போட்ல ஏத்திடுங்க, ஒன்றரை மணி நேரம், உக்காந்துக்கிட்டே எல்லாம் பாத்துடலாம். பிரமிடை உள்ள போய் பாக்கணும்னா அது 1991ல கூடைப்பந்து அரங்கமா கட்டினது, 321 அடி உயரம், 2015லேந்து பாஸ் ப்ரோங்கற மீன்பிடி, வேட்டை சாமான் கடை. உள்ள குளம் வெட்டி மரமெல்லாம் வச்சு சதுப்புக்காடு மாதிரியே பண்ணியிருக்காங்க, குழந்தைங்களுக்குப் பிடிக்கும், நடுவுல இருக்கற லிஃப்ட்ல உச்சிக்குப் போய் ஆத்தைப் பாக்கலாம். மழை வந்தா மட்டும் இதுக்கு நேரம் கொடுங்க.

ஸ்டெப் 4: பருத்தி, அடிமை வியாபாரம், வாத்து

ஆத்துக்கு மேல இருக்கற ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டுக்கு ஏறுங்க. இந்தத் தெருவுலதான் பருத்தி வியாபாரிங்க ஆஃபீஸ் எல்லாம் இருந்துச்சு. யூனியன் அவென்யூ முனைல காட்டன் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குள்ள பருத்தி மியூசியம், பழைய ஏலக் கூடத்தையே அப்படியே மியூசியமா வச்சிருக்காங்க, சுவர்ல பெரிய விலைப்பலகை இருக்கு. சின்ன இடம், ஒரு மணி நேரம் போதும். கோயம்புத்தூர், ராஜபாளையம், திருப்பூர் பக்கத்துக்காரங்களுக்கு இது தனி அனுபவம், பஞ்சு கிரேடு பாக்கறதும் பேல் கணக்கும் நம்ம வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கும்.

அங்கேந்து வடக்கே ரெண்டாவது தெரு பக்கம் நடந்தா கால்வரி சர்ச் வளாகத்துல ஒரு பலகை நிக்குது, 2018ல வச்சது. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல அடிமை முறையைக் காக்க நின்ன தெற்குப் படைல தளபதியா இருந்த ஃபாரெஸ்ட் அந்த இடத்துலதான் மனுசங்களை ஏலம் விட்டு வியாபாரம் பண்ணினாரு. அவரோட சிலை நூறு வருஷத்துக்கு மேல இந்த ஊர் பார்க்ல நின்னுச்சு, 2017 டிசம்பர்லதான் எடுத்தாங்க. பலகை படிக்க அஞ்சு நிமிஷம்தான் ஆகும், ஆனா பருத்தி மியூசியம் பாத்த கையோட இதைப் படிக்கணும், ரெண்டும் ஒரே கணக்குப் புஸ்தகத்தோட ரெண்டு பக்கம். இன்னும் ஆழமா பாக்கணும்னா ஸ்லேவ் ஹேவன்னு ஒரு சின்ன வெள்ளை வீடு இருக்கு, 1849ல கட்டினது. தப்பிச்சுப் போன அடிமைகளை ஒளிச்சு வச்ச வீடுன்னு வழிவழியா சொல்றாங்க, அதுக்கு எழுத்து ஆதாரம் பத்தலைன்னு சில ஆராய்ச்சியாளர்கள் சொல்றதும் உண்டு, ஆனா கைடு கூட்டிட்டுப் போய் நிலவறையைக் காட்டி சொல்ற விதம் மனசைப் பிடிச்சுக்கும்.

நடுவுல குழந்தைங்களுக்காக பீபாடி ஹோட்டல். தினமும் காலை 11 மணிக்கு அஞ்சு வாத்து லிஃப்ட்ல கீழ வந்து, சிவப்புக் கம்பளத்துல வரிசையா நடந்து லாபில இருக்கற பளிங்கு ஃபவுண்டன்ல இறங்கும், சாயங்காலம் 5 மணிக்கு அதே மாதிரி திரும்பி மாடிக்குப் போகும். 1930கள்லேந்து நடக்குது. பாக்கறதுக்கு காசு இல்ல, ஆனா அரை மணி நேரம் முன்னாடியே போய் கம்பளத்தோரமா பிள்ளைங்களை உக்கார வச்சுடணும், லேட்டா போனா தலைங்கதான் தெரியும். அந்த ஹோட்டல்ல எந்த ரெஸ்டாரண்ட்லயும் வாத்துக்கறி கிடையாது.

மத்தியானச் சாப்பாடு, தெற்கு ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்ல கஸ்ஸஸ் ஃப்ரைடு சிக்கன். மேசன்கற பக்கத்து சின்ன ஊர்ல பிறந்த கடை, மாவு மெல்லிசா மொறுமொறுன்னு, காரம் உள்ள வரைக்கும் இறங்கியிருக்கும், அமெரிக்கக் கோழி சப்புன்னு இருக்குன்னு புலம்பற நம்ம ஆளுங்க இங்க அடங்கிடுவாங்க. 12 மணிக்கு கியூ நிக்கும், 11 மணி வாத்தைப் பாத்தவுடனே நேரா வந்துடுங்க.

ஸ்டெப் 5: முதல் நாள் ராத்திரி, பீல் ஸ்ட்ரீட்

1878ல மஞ்சள் காய்ச்சல் வந்து இந்த ஊர்ல 5,000 பேருக்கு மேல செத்தாங்க, காசிருந்தவங்க எல்லாம் ஓடிட்டாங்க, ஊர் திவாலாகி நகராட்சி அந்தஸ்தையே இழந்துச்சு. அப்ப ஓடாம இருந்து விலை விழுந்த நிலங்களை வாங்கினவரு ராபர்ட் சர்ச், அடிமையா பிறந்து பெரிய பணக்காரர் ஆனவரு. கறுப்பின மக்கள் பொதுப் பார்க்குக்குள்ள போக முடியாத காலத்துல, 1899ல தன் சொந்த இடத்துல அவங்களுக்குன்னு பீல் ஸ்ட்ரீட்ல பார்க்கும் அரங்கமும் கட்டினாரு. அப்படித்தான் இந்தத் தெரு அவங்களோட கடைவீதியா, பாட்டு மேடையா வளந்துச்சு. பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் எழுதினதும் இந்தத் தெரு பக்கத்துலேந்துதான், 1892ல தன் நண்பர்கள் மூணு பேரை கும்பல் கொன்னதைப் பத்தி எழுதினதுக்கு அவங்க பத்திரிகை ஆஃபீஸையே நொறுக்கினாங்க. 2021ல வச்ச அவங்க சிலை பீல் ஸ்ட்ரீட்லயே இருக்கு, முதல்ல அதைப் பாத்துட்டு பாட்டுக்குப் போங்க.

வெளிச்சம் இருக்கும்போதே விதர்ஸ் போட்டோ மியூசியமும் ஏ. ஷ்வாப் கடையும் பாத்துடுங்க. எர்னஸ்ட் விதர்ஸ் 1950கள், 60கள்ல நடந்த கறுப்பின உரிமைப் போராட்டங்களை எல்லாம் படம் பிடிச்சவரு, நீங்க புஸ்தகத்துல பாத்த பல படம் அவரோடது. அவரே எஃப்பிஐக்கு தகவல் கொடுத்துக்கிட்டிருந்தார்னு அவர் இறந்த பிறகு 2010ல வெளிய வந்துச்சு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தப் படங்களைப் பாத்தா வேற மாதிரி கனமா இருக்கும்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல தெரு முழுக்க பாட்டு. வெளிய நின்னு ரெண்டு மூணு கிளப்பைக் கேட்டுட்டு, பிடிச்ச கிதார் சத்தம் எங்க கேக்குதோ அங்க உள்ள போங்க, பேரைப் பாத்துப் போகாதீங்க. பாட்டுக்காரங்க முன்னாடி டிப்ஸ் வாளி இருக்கும், ஆளுக்கு அஞ்சு டாலராவது போடுங்க, அவங்க வருமானத்துல பெரிய பங்கு அதுதான். வாரக்கடைசி ராத்திரில தெருவுக்குள்ள நுழையவே ஐடி பாப்பாங்க, சின்னப் பிள்ளைங்களோட இருக்கறவங்க சாயங்காலமே வந்துட்டு இருட்டினதும் கிளம்பிடுங்க.

சாப்பாட்டுக்கு ரெண்டெவூ. பீபாடிக்கு எதிர்ல ஒரு சந்து, சந்துக்குள்ள படி இறங்கினா கீழ்த்தளத்துல கடை, 1948லேந்து இருக்கு. கரில சுட்ட ரிப்ஸ் மேல மசாலாப் பொடி தூவித் தருவாங்க, சாஸ் பூசறதில்ல, மெம்ஃபிஸ்ல டிரை ரப்னு சொல்றதோட தலைமை இடம். பார்பிக்யூன்னா எலும்புலேந்து கறி தானா விழணும்னு நினைக்கறவங்களுக்கு இது கொஞ்சம் கெட்டியா தெரியலாம், எனக்கு அந்தப் பொடிக்காகவே பிடிக்கும், மிளகாயும் ஓரிகானோவும் சேந்து நாக்குல நிக்கும்.

ஸ்டெப் 6: ரெண்டாம் நாள் முழுக்க லொரெய்னும் ஸ்டாக்ஸும்

இந்த வழிகாட்டில ஒண்ணை மட்டும்தான் எடுத்துக்க முடியும்னா இதை எடுத்துக்கோங்க. காலைல ஆர்கேட்ல டிபன், 1919லேந்து சவுத் மெயின்ல இருக்கற கடை, சக்கரவள்ளிக்கிழங்கு பான்கேக் கேளுங்க, சைவக்காரங்களுக்கும் சரி. அங்கேந்து நடந்தே போங்க, மியூசியம் திறக்கற நேரத்துக்கு வாசல்ல இருங்க.

முதல்ல உள்ள போயிடாம வெளிய நில்லுங்க. ரெண்டு மாடி சாதாரண மோட்டல், நீலக் கதவுங்க, பெரிய மஞ்சள் போர்டு, கீழ அந்தக் காலத்து கார் ரெண்டு நிக்குது. மாடிக் கைப்பிடில 306ஆம் ரூமுக்கு நேரா ஒரு மலர்வளையம். 1968 ஏப்ரல் 4 சாயங்காலம் 6:01க்கு கிங் அங்கதான் சுடப்பட்டாரு. கறுப்பின மக்கள் வேற ஹோட்டல்ல தங்க முடியாத காலத்துல வால்டர் பெய்லி, லோரீ பெய்லிங்கற தம்பதி நடத்தின மோட்டல் இது, ஸ்டாக்ஸ்ல ரெக்கார்டிங் பண்ண வந்த பெரிய பெரிய பாடகர்கள் எல்லாம் இங்கதான் தங்குவாங்க. சுடப்பட்ட அன்னிக்கே லோரீக்கு மூளைல ரத்தக்கசிவு வந்து அஞ்சு நாள் கழிச்சு அவங்களும் இறந்துட்டாங்க. பெய்லி 306ஆம் ரூமை அப்புறம் யாருக்கும் வாடகைக்கு விடலை. மோட்டல் நொடிச்சுப் போய், ஊர் மக்கள் பணம் திரட்டி ஏலத்துல காப்பாத்தி, 1991ல மியூசியமாச்சு.

உள்ள குறைஞ்சது மூணு மணி நேரம், படிக்கறவங்களுக்கு நாலு. ஆரம்பத்துலயே அடிமைக் கப்பலோட அடித்தளம் மாதிரி ஒரு இடத்துல குனிஞ்சு உக்காந்து பாக்க வச்சிருக்காங்க. கறுப்பினத்தவங்களை பின்சீட்டுக்கு விரட்டின காலத்து மான்ட்கோமரி ஊர் பஸ்ல ஏறினா டிரைவர் குரல் பின்னாடி போன்னு மிரட்டும். என்னை ரொம்ப நேரம் நிறுத்தினது குப்பை லாரி. கிங் இந்த ஊருக்கு வந்ததே துப்புரவுத் தொழிலாளர்களுக்காகத்தான். 1968 பிப்ரவரி 1, மழைக்கு லாரிக்குப் பின்னாடி ஒதுங்கின எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் ரெண்டு பேரும் குப்பை நசுக்கற மெஷின்ல சிக்கி செத்தாங்க. அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள 1,300 தொழிலாளர்கள் ஸ்ட்ரைக்ல இறங்கினாங்க, நானும் மனுசன்னு எழுதின அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நடந்தாங்க. மலக்குழில இறங்கி உயிர் விடறவங்க செய்தி இன்னிக்கும் படிக்கற ஊர்லேந்து வர்ற நாம அந்த லாரி முன்னாடி சும்மா கடந்து போக முடியாது. கிங் 1959ல இந்தியா வந்தப்ப சென்னை, காந்திகிராமம், கன்னியாகுமரி வரைக்கும் வந்தவரு. காந்தி பத்தி மியூசியத்துல வர்ற இடங்களைப் படிக்கறப்ப அதையும் மனசுல வச்சுக்கோங்க.

கடைசில கண்ணாடிக்குப் பின்னாடி 306ஆம் ரூம். கலைஞ்ச படுக்கை, காபி கப், ஆஷ்ட்ரே. அங்க யாரும் பேசமாட்டாங்க, போன்ல சத்தத்தை நிறுத்திடுங்க. தெருவுக்கு எதிர்ல சுட்டவன் ஒளிஞ்ச பழைய லாட்ஜும் மியூசியத்தோட பாகம்தான், அதே டிக்கெட், திறந்திருந்தா விட்டுடாதீங்க, அந்த ஜன்னல்லேந்து பால்கனி எவ்வளவு கிட்டன்னு பாத்தாத்தான் தெரியும். பத்து வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களுக்கு முன்னாடியே வீட்டுல கொஞ்சம் கதை சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. ஸ்ட்ரைக்காரங்க கூடின கிளேபார்ன் டெம்பிள் சர்ச் 2025 ஏப்ரல்ல தீப்பிடிச்சு சேதமாயிடுச்சு, பக்கத்துல தொழிலாளர்கள் பேரெல்லாம் பொறிச்ச நினைவுத் திடல் இருக்கு, அங்க ஒரு நடை போயிட்டு வாங்க.

மத்தியானம் வண்டி எடுத்து ஃபோர் வே. 1946லேந்து சவுத் மெம்ஃபிஸ்ல இருக்கற சோல் ஃபுட் (தெற்குப் பக்கக் கறுப்பின மக்களோட வீட்டுச் சமையல்) கடை, கிங் இந்த ஊர் வந்தா சாப்பிட்ட இடம். பொரிச்ச கேட்ஃபிஷ், இல்லைன்னா டர்க்கியும் டிரெஸ்ஸிங்கும் (ரொட்டியை உதிர்த்து மசாலா சேத்து வேக வச்சது), கூட இனிப்பு சக்கரவள்ளிக்கிழங்கு, கீரை, கார்ன்பிரெட்ங்கற சோள ரொட்டி, கடைசில லெமன் பை. ஒரு மெயின், ரெண்டு மூணு சைடுன்னு தட்டு வரும், நம்ம மெஸ் சாப்பாடு போல வயிறு நிறையும். சாயங்காலம் சீக்கிரம் மூடிடுவாங்க, டின்னருக்குன்னு தள்ளி வைக்காதீங்க.

அங்கேந்து அஞ்சு நிமிஷம் ஸ்டாக்ஸ் மியூசியம். ஜிம் ஸ்டூவர்ட்டும் அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் 1960ல ஒரு பழைய சினிமா தியேட்டரை வாடகைக்கு எடுத்து ஸ்டுடியோ ஆக்கினாங்க. தியேட்டர் தரை சரிவா இருந்ததை அப்படியே விட்டுட்டாங்க, அந்த சரிவுதான் இவங்க ரெக்கார்டுல கேக்கற சத்தத்துக்குக் காரணம்னு சொல்லுவாங்க. ஊர்ல வெள்ளைக்காரங்களும் கறுப்பினத்தவங்களும் ஒரே மேஜைல சாப்பிட முடியாதப்ப இந்த ரூமுக்குள்ள ஒரே பேண்ட்ல சேந்து வாசிச்சாங்க. 1975ல கம்பெனி திவால், 1989ல கட்டடத்தையே இடிச்சுட்டாங்க, 2003ல அதே இடத்துல மறுபடி கட்டி மியூசியமாக்கினாங்க. உள்ள போனதும் மிசிசிப்பி கிராமத்துலேந்து பிரிச்சு எடுத்துட்டு வந்து நிறுத்தின 1906ஆம் வருஷத்து மரச் சர்ச் ஒண்ணு இருக்கு, பெஞ்சுல கொஞ்சம் உக்காருங்க, சோல் பாட்டு எங்கேந்து வந்துச்சுன்னு வேற விளக்கமே வேண்டாம். ஐசக் ஹேய்ஸோட தங்க வேலைப்பாடு செஞ்ச காடிலாக் கார் பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்.

ஸ்டெப் 7: மூணாம் நாள், சன், பார்பிக்யூ, அப்புறம் எல்விஸ்

சன் ஸ்டுடியோ யூனியன் அவென்யூல ஒரே ஒரு ரூம். சாம் ஃபிலிப்ஸ் 1950ல திறந்தாரு, ப்ளூஸ் பாடகர்களான பி.பி. கிங்கும் ஹவ்லின் உல்ஃபும் பாடினது முதல்ல, 1954 ஜூலைல எல்விஸ். டூர் முக்கால் மணி நேரம், அஞ்சு வயசுக்குக் கீழ அனுமதி கிடையாது. காலை முதல் டூரைப் பிடிச்சா கூட்டம் கம்மி.

கிரேஸ்லேண்ட் பத்தி நேராவே சொல்றேன். டிக்கெட் விலை ஜாஸ்தி, நாலு பேர் குடும்பத்துக்கு பெரிய தொகை. எல்விஸ் பாட்டு வீட்டுல ஓடின குடும்பம்னா போங்க, 1957ல அவரு வாங்கின வீடு அப்படியே இருக்கு, மாடிக்கு மட்டும் யாரையும் விடறதில்ல, பச்சைக் கம்பளம் கூரை வரைக்கும் ஒட்டின ஜங்கிள் ரூம், விமானம், கார், உடைங்க எல்லாம் பாக்கலாம், அரை நாள் ஆகும். பெரிய ஈடுபாடு இல்லைன்னா அந்தக் காசையும் நேரத்தையும் ஓவர்டன் பார்க்குக்கும் சாப்பாட்டுக்கும் கொடுங்க. அந்தப் பார்க் நடுவுல ஐ-40 ஹைவேயைக் கொண்டு போகப் பாத்தப்ப ஊர் மக்கள் கேஸ் போட்டு 1971ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் தடுத்தாங்க, அதனாலதான் பழைய காடு இன்னிக்கும் நிக்குது. மிருகக்காட்சி சாலையும் அங்கயே.

பார்பிக்யூ, இது என் இஷ்டப்படி. நார்த் பார்க்வேல கோஸி கார்னர், 1977லேந்து ஒரே குடும்பம் நடத்தற கடை. பன்றிக்கறி வேண்டாங்கறவங்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊர்ல இல்ல, ஏன்னா இங்க கார்னிஷ் ஹென்னு சின்ன முழுக்கோழியை புகைல வச்சுத் தருவாங்க, தோல் கருஞ்சிவப்பா பளபளன்னு, உள்ள கறி ஈரம் குறையாம, கையால பிச்சா நீராவி வரும், ஆளுக்கு ஒரு கோழி. லாமார் அவென்யூல பெய்ன்ஸ், 1972லேந்து, கொத்தின பன்றிக்கறி சாண்ட்விச், மேல மஞ்சள் கடுகு போட்ட கோல்ஸ்லா (முட்டைக்கோஸ் சாலட்), அந்தக் கடுகுப் புளிப்பு ஊறுகா சாப்பிட்டு வளந்த நமக்கு உடனே ஒட்டிக்கும். ரெண்டும் பாக்க சாதாரணக் கடைங்க, அலங்காரம் எதிர்பாக்காதீங்க. பார்பிக்யூ ஸ்பகெட்டின்னு ஒண்ணு இந்த ஊருக்கே உரியது, மேடிசன் அவென்யூல பார்-பி-கியூ ஷாப்ல சைடா வாங்கிப் பாருங்க.

ஸ்டெப் 8: சைவம் சாப்பிடறவங்களுக்கு

இது தனியா சொல்லணும், ஏன்னா பெரியவங்களை கூட்டிட்டு வர்றப்ப இதுலதான் சங்கடம் வரும். சோல் ஃபுட் கடைல கீரை, பீன்ஸ், கருப்புக்கண் பயறு எல்லாம் பாத்தா சைவம் மாதிரியே இருக்கும், ஆனா பெரும்பாலும் பன்றிக்கறித் துண்டோ புகை போட்ட டர்க்கியோ போட்டுத்தான் வேக வைப்பாங்க. கார்ன்பிரெட்லயும் சில இடத்துல பன்றிக் கொழுப்பு இருக்கும். வெஜிடேரியனான்னு கேட்டா போதாது, இதுல மீட் எதுவும் போட்டு வேக வச்சீங்களான்னு கேளுங்க, ஒளிக்காம சொல்லுவாங்க. மேக் அண்ட் சீஸ், சக்கரவள்ளிக்கிழங்கு, கோல்ஸ்லா, பை இதுங்க ஓரளவு சேஃப், அதையும் கேட்டுக்கோங்க. மிட்டவுன்ல இமாஜின் வீகன் கஃபே இருக்கு, அங்க தெற்கத்திச் சாப்பாட்டையே கறி இல்லாம சாப்பிடலாம். இந்தியச் சாப்பாடு வேணும்னா டவுன்டவுன்ல தேடாதீங்க, கார்டோவா, ஜெர்மன்டவுன், காலியர்வில் பக்கம்தான் நம்ம ஆளுங்களும் கடைங்களும். ஃபெட்எக்ஸ் தலைமையகம் இந்த ஊர்ல இருக்கறதால ஐடி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்க நிறைய. ஈட்ஸ்ல இந்தியா கல்ச்சுரல் சென்டர் கோயில் இருக்கு, டவுன்டவுன்லேந்து அரை மணி நேர டிரைவ்.

ஸ்டெப் 9: ஞாயிறு காலை, கிளம்பறதுக்கு முன்னாடி

பாடகர் ஆல் கிரீன் 1970கள்ல போதகரா மாறி ஆரம்பிச்ச ஃபுல் காஸ்பல் டேபர்னக்கிள் சர்ச் கிரேஸ்லேண்டுக்குப் பக்கம்தான். வெளியூர்க்காரங்களையும் வரவேற்பாங்க, எந்த மதமானாலும் சரி. அவரே வருவாரான்னு முன்கூட்டி சொல்ல முடியாது, வரலைன்னாலும் அந்தக் குழுவோட பாட்டுக்காகவே போகலாம். அரைக்கால் டவுசர் வேண்டாம், கொஞ்சம் நல்ல உடுப்பு, போன் உள்ள, காணிக்கைத் தட்டுல உங்களால முடிஞ்சது, நடுவுல எழுந்து வராதீங்க, ஆராதனை ரெண்டு மணி நேரத்துக்கு மேலயும் போகும்.

நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போறவங்க அங்கேந்து ஐ-55ல ஏறாம ஹைவே 61 பிடிங்க. நேரம் கூட ஆகும், ஆனா ரெண்டு பக்கமும் அந்தப் பருத்தி வயல்தான், முதல் நாள் ஏலக் கூடத்துல பாத்த பருத்தி விளையற மண். சுமார் 75 மைல்ல கிளார்க்ஸ்டேல் வரும், அங்க பழைய ரயில்வே கட்டடத்துல டெல்டா ப்ளூஸ் மியூசியம் இருக்கு. ஞாயிறு லீவா இருக்கும், அதை முக்கியமா பாக்கணும்னா சர்ச்சை விட்டுட்டு சனிக்கிழமை காலைலயே மெம்ஃபிஸ்லேந்து கிளம்பற மாதிரி ஒரு நாள் முன்னாடி, புதன்கிழமையே வந்து இறங்கிடுங்க.